விதைக்கும் முன்பே கட்டிய காசு



போன தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான்கு பருவங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று வெண்பலகையில் எழுதிவிட்டால் முடிந்துவிடுகிற பாடம்தான் அது. பனியே பார்க்காத பிள்ளைகளுக்கு அது வெறும் படம். அதனால் ஒரு பண்ணையைக் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சில சிறிய காய்கறிப் பண்ணைகள் உண்டு. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போதே ஊர்க்காரர்கள் அந்த வருஷத்துக் காய்கறிக்குப் பணம் கட்டிவிடுவார்கள். முதல் கீரை கைக்கு வருவது ஜூன் மாதத்தில்தான் என்றேன்.

பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மழை வந்து காயெல்லாம் அழுகிப் போச்சுனா கட்டின காசத் திருப்பிக் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் டீச்சர் கட்றாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு, நன்னெறி என்று எந்தப் பாடத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதற்கு நீளமான பெயர். தமிழில் 'சமூக ஆதரவு வேளாண்மை' என்று எழுதுகிறார்கள். வகுப்பில் நான் 'பங்குப் பண்ணை' என்றே சொன்னேன். தோட்டம் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு ரப்பரும் செம்பனையும்தான் கண்முன் வரும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில் பெர்க்‌ஷயர் என்று ஒரு மலைப்பகுதி. அங்கே சவுத் எக்ரெமான்ட் என்னும் சிற்றூரில் இருக்கிறது இந்தியன் லைன் பண்ணை. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் "நம்ம ஆளுங்க லயன் வீடா டீச்சர்?" என்று கேட்டார்கள். இல்லை, இந்த 'இந்தியன்' அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கிறது. அந்தப் பண்ணையை 1983இல் ராபின் வான் என் என்ற பெண்மணி வாங்கினார். 1985இல் சுவிட்சர்லாந்திலிருந்து யான் வாண்டர் டைன் என்பவர் அங்கே வந்து சேர்ந்தார். சூரிச் நகரத்துக்குப் பக்கத்தில், உண்பவர்களும் உழவர்களும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்திய ஒரு பண்ணையில் வேலை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. அக்கம்பக்கத்தார் சிலர் கூடிப் பேசினார்கள். உடனே காய்கறியில் இறங்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஓர் ஆப்பிள் தோப்பில் 30 பங்குகள் வைத்து முன்பணம் வாங்கி, பழத்தையும் பழச்சாற்றையும் காடியையும் பங்கிட்டுக் கொடுத்து முயன்று பார்த்தார்கள். அது நடந்தது. 1986இல் காய்கறிக்குப் பங்கு விற்றார்கள்.

அதே 1986இல், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் என்ற பண்ணையும் இதே வழியில் தொடங்கியது. அங்கே ஆரம்பித்த மூவரில் ஒருவரான ட்ரவுகர் குரோ, வட ஜெர்மனியின் புஷ்பெர்க்ஹோஃப் பண்ணையிலிருந்து வந்தவர். ஐரோப்பாவில் இதற்கு முன்பே வேர் இருந்தது. ஜெனீவாவில் 1978லேயே இப்படி ஒரு காய்கறிக் கூட்டுறவு தொடங்கிவிட்டது.

ஜப்பானின் கதை தனி. 1950களிலும் 60களிலும் அங்கே மினமாட்டா நோய், பூச்சிமருந்து நஞ்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1971இல் தெருவோ இச்சிராகு என்பவர் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். 1973, 74 வாக்கில் தோக்கியோவின் இல்லத்தரசிகள் சிலர் சிபா மாவட்டத்தின் மியோஷி கிராமத்து உழவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உழவர் மருந்து அடிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, நிலத்தில் விளைவது எதுவானாலும், கோணலோ குட்டையோ, அத்தனையையும் இவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நாளில் போய்க் களையும் பிடுங்கினார்கள். இந்த முறைக்குத் 'தெய்கெய்' என்று பெயர். கைகோத்தல், கூட்டுறவு என்று பொருள் சொல்லலாம். எழுத்தாளர் சவாகோ அரியோஷி 1974இல் நாளிதழில் தொடராக எழுதிய 'கூட்டு மாசு' என்ற நூல் நாடு முழுக்க இந்தப் பேச்சைக் கொண்டுபோனது.

இணையத்தில் பல கட்டுரைகள் ஜப்பானின் தெய்கெய்தான் நேராக அமெரிக்காவுக்குப் போனது என்று எழுதுகின்றன. மாணவர்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் தேவை. இரண்டு முதல் பண்ணைகளுக்கும் யோசனை வந்தது சுவிட்சர்லாந்து, ஜெர்மனி வழியாக. ஒரே மாதிரி யோசனை இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாக முளைப்பது வரலாற்றில் புதிதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு வேரும் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் பேராசிரியராக இருந்த புக்கர் வாட்லி என்ற கறுப்பின வேளாண் அறிஞர், சிறு உழவர்கள் வாடிக்கையாளர் மன்றம் ஒன்றை அமைத்து ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும், உறுப்பினர்களே வந்து காய் பறித்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு முன்பிருந்தே சொல்லிவந்தார். 50,000 பேராவது வாழும் ஊரிலிருந்து 40 மைலுக்குள், தார்ச் சாலை ஓரத்தில் பண்ணை இருக்க வேண்டும் என்பது வரை கணக்குப் போட்டுச் சொன்ன மனிதர் அவர். கடன் கேட்டுப் போன கறுப்பின உழவர்களை வங்கியும் அரசு அலுவலகமும் திருப்பியனுப்பிய காலம் அது. முன்பணம் அவர்களுக்கு வசதி இல்லை, உயிர்.

சரி, அந்தப் பண்ணையில் ஒரு வருஷம் எப்படிப் போகும்?

ஜனவரி, பிப்ரவரியில் மண் கல்லாக உறைந்து கிடக்கும். கடப்பாரையும் இறங்காது. வேலை முழுக்கக் காகிதத்தில். விதைப் பட்டியலைப் புரட்டி விதைக்குச் சொல்லிவிடுவார்கள். பிறகு கணக்கு. விதை, எரு, டிராக்டர் பழுது, நிலக் குத்தகை, ஆள்கூலி என்று எழுதி, கடைசியில் உழவரின் சொந்தச் சம்பளத்தையும் எழுதுவார்கள். இந்த ஒரு வரிதான் புதுசு. நம் ஊர்ப் பாசாரில் கீரை விற்கும் அம்மாவிடம் "உங்க சம்பளம் எவ்வளவும்மா?" என்று யாரும் கேட்பதில்லை, விற்றது போக மிஞ்சியது சம்பளம், மிஞ்சாவிட்டால் அதுவும் இல்லை. பங்குப் பண்ணையில் மொத்தச் செலவைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே பங்கின் விலை. டெம்பிள்-வில்டன் பண்ணையில் அதுகூட இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை எல்லோர் முன்னாலும் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும். கூட்டிப் பார்த்துப் போதவில்லை என்றால் இன்னொரு சுற்று. வசதி உள்ளவர் கூடக் கொடுப்பார், இல்லாதவர் குறையக் கொடுப்பார், காய் எல்லாருக்கும் ஒன்றுதான். நம் பாட்டிமார் லயத்தில் கூட்டு கட்டிய பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நம்பிக்கைதான் பத்திரம்.

மார்ச்சில் கண்ணாடிக் கூடத்துக்குள் வெங்காய விதை தட்டில் விழும். வெளியே இன்னும் பனி. பகலில் லேசான வெயில், இரவில் உறைபனி என்று இருக்கும் இந்தச் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் துளை போட்டு வாளி மாட்டிச் சாறு இறக்குவார்கள். இதைச் சொன்னதும் என் வகுப்பில் ஒரு பிள்ளை, "எங்க தாத்தா பால் வெட்டுன மாதிரி" என்றது. கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே சாறு வருவதற்கு இரவுக் குளிர் வேண்டும். இங்கே பால் நிறைய வர விடியற்காலைக் குளிர்ச்சி வேண்டும்.

ஏப்ரல் சேற்றுக் காலம். பனி உருகி வயலில் கால் வைக்க முடியாது. காய்ந்த மேட்டில் பட்டாணி விதைப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வசந்தம் வந்ததும் எல்லாம் விளைந்து கிடக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஊர்களில் பழைய காலத்தில் மிகப் பஞ்சமான மாதங்கள் ஏப்ரலும் மேயும்தான். நிலவறையில் வைத்த கிழங்கு தீர்ந்திருக்கும், வயலில் ஒன்றும் வந்திருக்காது. பூ பூக்கும், சட்டி காலி. மே கடைசிவரை ஏதாவது ஓர் இரவு உறைபனி விழலாம் என்பதால் தக்காளி நாற்றை வெளியே நட அவசரப்பட மாட்டார்கள். அவசரப்பட்டு நட்டவர் இரவு பதினொரு மணிக்கு விளக்கு எடுத்துக்கொண்டு போய் வெள்ளைத் துணி போர்த்த வேண்டும்.

ஜூனில் முதல் பங்கு. சாலட் இலை, முள்ளங்கி, பசலை, பூண்டின் பச்சைத் தண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்ட்ராபெரி. ஒரு கொட்டகையில் தராசு இருக்கும், சுவரில் பலகை. 'முள்ளங்கி ஒரு கட்டு, இலை அரைப் பவுண்டு' என்று எழுதியிருக்கும். அவரவரே நிறுத்து எடுத்துக்கொள்வார்கள். மூலையில் ஒரு மாற்றுப் பெட்டி இருக்கும். பிடிக்காத காயை அதில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் குறை எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் இலையாகவே இருக்கிறது.

அந்தக் குறை ஆகஸ்டில் தலைகீழாகும். தக்காளி, கத்தரி, பீன்ஸ், சோளம், வெள்ளரி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். சுக்கினி என்ற காய் இருக்கிறதே, இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் சுரைக்காய் அளவுக்கு ஊதிவிடும். ஆகஸ்டில் காரைப் பூட்டாமல் நிறுத்தாதே, யாராவது சுக்கினியை உள்ளே போட்டுவிட்டுப் போவார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பழைய கேலி உண்டு. உழவருக்கோ சிரிக்க நேரம் இருக்காது. காய் பறிப்பும் களையும் ஒன்றையொன்று துரத்தும். வெயில் விழும் நேரம் நீளம். விடியற்காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும்.

செப்டம்பர் கடைசியில் முதல் உறைபனி. ஒரே இரவில் தக்காளிச் செடியும் துளசியும் கறுத்துவிடும். ஆனால் காரட்டும் கேல் கீரையும் அதற்குப் பிறகுதான் இனிக்கும். குளிரைத் தாங்கச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. அறிவியல் ஆசிரியர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்டோபரில் பூசணி உள்ளே வரும், அடுத்த வருஷத்துப் பூண்டு மண்ணுக்குள் போகும். அதன்மேல் வைக்கோல் போர்த்துவார்கள். நவம்பரில் உருளை, பீட், முட்டைக்கோஸ் நிலவறைக்குப் போனதும் பலகையைத் துடைத்துவிடுவார்கள்.

இனி பையனின் கேள்விக்கு வருவோம். காய் வராமல் போன வருஷம் உண்டா? உண்டு. 2009 ஜூன் அந்த வட்டாரத்தில் குளிர்ந்த மழை மாதமாக இருந்தது. பெரிய கடைகளில் விற்ற நாற்றுகள் வழியாக ஒரு கருகல் நோய் மாநிலம் மாநிலமாகப் பரவி, தக்காளியைக் கூண்டோடு அழித்தது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்த அதே நோய்தான். வயல் முழுக்கச் செடியைப் பிடுங்கி மூடி அழித்த பண்ணைகள் பல. 2011 ஆகஸ்ட் 28இல் ஐரீன் புயல் வெர்மாண்ட்டிலும் மேற்கு மாசசூசெட்ஸிலும் ஆற்றோர வயல்களை மூழ்கடித்தது. வெள்ளத்தில் நனைந்த காயை விற்கக் கூடாது என்பது விதி. பார்க்க நன்றாக இருந்த பூசணியும் மண்ணோடு மண்ணாக உழப்பட்டது. பாசாரை நம்பிய உழவருக்கு அது முழு நஷ்டம். பங்குப் பண்ணையில் அந்த நஷ்டம் நூறு, இருநூறு குடும்பங்களின் மேல் மெல்லியதாகப் பரவியது. ஒரு வீட்டில் தக்காளி இல்லை, அவ்வளவுதான். உழவர் அடுத்த வருஷமும் உழவராக இருந்தார். காசு கட்டியவர்கள் வாங்கியது தக்காளியை மட்டும் இல்லை என்று பையனிடம் சொன்னேன். அவன் முழுக்க நம்பவில்லை, "ரெண்டு வருஷம் சேர்ந்தாப்புல அழுகினா?" என்று கேட்டான். அதுவும் நியாயம். இரண்டாம் வருஷமும் பை காலியாக இருந்தால் பலர் விலகத்தான் செய்வார்கள். நல்ல விளைச்சலிலேயே விலகுபவர்கள் உண்டு: சமைக்கத் தெரியாத காய், அதிகமான காய், தேர்ந்தெடுக்க வழியில்லாத காய். 2012 அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பில் இம்முறையில் விற்பதாகச் சொன்ன பண்ணைகள் 12,617. ஆனால் கூட்டத்துக்கு வராமல், களை பிடுங்காமல், பெட்டியை மட்டும் வாங்கிப் போகும் உறுப்பினர்களே பெருகினார்கள் என்பது பழைய ஆட்களின் வருத்தம்.

எனக்கு இந்தக் கதையில் மனம் நின்ற இடம் காய் இல்லை, நிலம்.

இந்தியன் லைன் பண்ணையிலேயே சண்டை வந்தது. 1990இல் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பிரிந்துபோய் வேறு நிலத்தில் புதுப் பண்ணை தொடங்கினார்கள். ராபின் வான் என் தளரவில்லை. கைநூல் எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார், புதிய பண்ணைகளுக்கு வழிகாட்ட 1992இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1997 ஜனவரியில் ஆஸ்துமா தாக்கி இறந்தார். பண்ணை விற்பனைக்கு வந்தது. பெர்க்‌ஷயரில் நியூயார்க் பணக்காரர்கள் விடுமுறை வீடு கட்ட நிலம் தேடுகிறார்கள்; காய்கறி விற்று அந்த விலையை எந்த உழவராலும் கொடுக்க முடியாது. அங்கே குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்த இளம் உழவர் இருவராலும் முடியாது.

அப்போது உதவிக்கு வந்தது சமூக நில அறக்கட்டளை என்ற ஏற்பாடு. 1999இல் நிலத்தை அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. பக்கத்துச் சதுப்பு நிலத்தின் அரிய தாவரங்களைக் காக்க விரும்பிய ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது. உழவர்கள் வீட்டையும் கொட்டகையையும் மட்டும் வாங்கினார்கள். நிலம் அவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை. விற்றால் கட்டடத்துக்கும் தாங்கள் செய்த மேம்பாட்டுக்கும் விலை கேட்கலாம். நிலத்துக்குக் கேட்க முடியாது. அங்கே தொடர்ந்து பயிர் செய்யவும் வேண்டும்.

இந்த அறக்கட்டளை யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அதன் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் ஸ்வான், 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்களுக்காக 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பு உருவாகத் துணைநின்றவர். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அவர்கள் முன்மாதிரியாகப் பார்த்தவற்றுள் ஒன்று வினோபா பாவேயின் கிராமதானம். 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதான இயக்கம், தனியாளுக்குக் கொடுத்த நிலம் கடனில் மறுபடி கைமாறிப் போகிறது என்று கண்டு, ஊருக்கே நிலம் என்னும் கிராமதானமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த இயக்கத்துக்காக நடந்தவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். ஜார்ஜியாவின் நிலம் வறட்சியாலும் கிடைக்காத கடனாலும் 1985இல் ஏலத்தில் போனது. பெர்க்‌ஷயரில் ஆப்பிளுக்குப் பங்கு விற்ற அதே வருஷம்.

இதைப் படித்த இரவு எனக்கு அம்மாவின் கொல்லை நினைவுக்கு வந்தது. லயத்துக்குப் பின்னால், சாக்கடைக்கும் ரப்பர் நிரைக்கும் நடுவே இருந்த துண்டு நிலம். கத்தரி, வெண்டை, புடலை, மரவள்ளி, வேலியோரம் முருங்கை. எங்களுக்கும் பருவம் இருந்தது, பாடப்புத்தகத்தில்தான் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும். ஆண்டுக் கடைசியில் அடைமழை பிடித்தால் வெட்டு இருக்காது. வெட்டு இல்லையென்றால் சம்பளம் இளைத்துவிடும். அந்த மாதங்களில் கொல்லைதான் சோறு போட்டது. ஒரு வீட்டில் வெண்டை அழுகினால் பக்கத்து வீட்டுப் புடலை வரும். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நிலம் தோட்டத்து நிலம். தோட்டம் கைமாறியபோது வீட்டுக்கு என்ன தருவார்கள் என்று மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. கொல்லையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. கடைசி நாள் முருங்கையில் ஒரு கொம்பை வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். நாங்கள் போனது நான்காம் மாடி அடுக்குமாடி வீடு.

இந்நாட்டுக் காய்கறி உழவர்கள் பலர் இன்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்கிறார்கள். அடுத்த வருஷம் நிலம் இருக்குமா என்று தெரியாதவர் மண்ணுக்கு எருப் போட யோசிப்பார். 99 ஆண்டு என்ற எண்ணை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கணக்காக மாற்றிக் கேட்டேன்: 1999இல் தொடங்கிய குத்தகை எப்போது முடியும்? 2098 என்று எழுதினார்கள். அப்போது உங்கள் வயது என்ன என்று கேட்டதும்தான் அமைதி வந்தது.

பள்ளித் தோட்டத்தில் இந்தத் தவணை வெண்டை போட்டிருக்கிறோம். விதைக்கும் முன்பே ஆளுக்கு 50 காசு பங்கு வாங்கினோம்; கணக்கை அந்தப் பின்வரிசைப் பையன்தான் எழுதுகிறான். போன வாரப் பெருமழையில் இரண்டு பாத்தி மூழ்கிவிட்டது. யாராவது காசைத் திருப்பிக் கேட்டார்களா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு கேட்டாங்க டீச்சர். மறுபடி விதை போடலாம், பொறுங்கடானு சொல்லிட்டேன்."